அன்னைக்கு ஆணிக்காக வீட்டை எரிச்சாங்க, இன்னைக்கு ஆணியால மரத்தை எரிக்கிறோம்

ஆணின்னு சொன்னதும் நம்ம தலைமுறைக்கு முதல்ல ஞாபகம் வர்றவர் காண்ட்ராக்டர் நேசமணிதான். 2001-ல வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துல தேவையில்லாத ஆணியைப் பிடுங்கச் சொல்லுவார். எது தேவையான ஆணி, எது தேவையில்லாததுன்னு அங்க ஒரு பெரிய பஞ்சாயத்தே நடக்கும். ஆனா கன்னியாகுமரி மாவட்டத்துல நேசமணின்னா வேற ஒருத்தர். 1956 நவம்பர் 1-ல அந்தத் தென்திருவிதாங்கூர் தாலுகாக்கள் தமிழ்நாட்டோட சேர்றதுக்கான போராட்டத்தை முன்னால நின்னு நடத்தின மார்ஷல் நேசமணி.

இன்னைக்கு எபிசோடுக்கு ரெண்டு நேசமணியும் வேணும். ஏன்னா நாம பேசப்போறது அந்த மாவட்டத்துப் பழைய மரவீடுகளையும், மரத்துல இருந்து ஆணியை எடுக்கிற வேலையையும் பத்தி. பழைய வீடு ஒண்ணைப் பிரிக்கும்போது அதோட மரம் இன்னொரு வீட்டுல உத்தரமா நிக்குமா, இல்ல அடுப்புக்குப் போகுமா? இதைப் பல நேரம் முடிவு பண்றது மரத்தோட தரம் இல்ல, அதுக்குள்ள இருக்கிற ஆணிதான்.

கழற்றி மாட்டுற வீடு

தக்கலைக்குப் பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை. 1601 வாக்குல இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்துல கட்ட ஆரம்பிச்சது. மார்த்தாண்ட வர்மா காலத்துல பெரிசாச்சு. நிக்கிறது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரளத் தொல்லியல் துறை. எல்லை மாறினப்போ அரண்மனையோட பொறுப்பு மட்டும் அந்தப் பக்கமே தங்கிடுச்சு.

இந்த மாதிரிக் கட்டடங்களைப் பத்திப் பேசும்போது ‘ஒரு ஆணி கூட இல்லாமக் கட்டினது’ன்னு ஒரு வரி கட்டாயம் வரும். அதை அப்படியே எடுத்துக்க வேண்டாம். கீல், தாழ்ப்பாள், கதவு வேலைப்பாடுன்னு இரும்பும் பித்தளையும் இருக்கத்தான் செய்யுது. சரியாச் சொன்னா, கூரையோட பாரத்தைச் சுமக்கிற சட்டம் ஆணியை நம்பி நிக்கல.

எப்படின்னா, சுவர் மேல உத்தரம் படுக்கும். அதுல இருந்து கழுக்கோல்கள் சாய்வா ஏறி, உச்சியில மோந்தாயத்துல போய்ச் சேரும். நடுவுல எல்லாக் கழுக்கோலையும் துளைச்சுக்கிட்டு ‘வளை’ன்னு ஒரு நீளமான மரம் ஊடுருவிப் போகும். ஒரு மரத்துல துளை, இன்னொரு மரத்துல அதுக்குள்ள போய் உட்கார்ற நாக்கு, இறுக்கிப் பிடிக்க ஒரு மர முளை. ஆசாரி அந்த முளையைத் தட்டி எடுத்தார்னா சட்டம் பாகம் பாகமாக் கழண்டுடும். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, மாடுலர்.

இதுக்கு நேரடி சாட்சி நம்ம ஈசிஆர்லயே இருக்கு. முட்டுக்காட்டுல 1996-ல திறந்த தட்சிணசித்ரா. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில நின்ன ஒரு சிரியன் கிறிஸ்தவ வீட்டைப் பிரிச்சுக் கொண்டு வந்து அங்க நிறுத்தியிருக்காங்க. ஆணி அடிச்சு இறுக்கின வீடா இருந்தா இந்த வேலை இவ்வளவு சுலபமா நடந்திருக்காது.

குமரிக் கடல்லயும் இதே தத்துவம்தான். கட்டுமரங்கிற பேரைக் கவனிங்க: கட்டின மரம். கயிறுதான் பிணைப்பு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை மணல்ல காயப் போடலாம். கேரளக் கெட்டுவள்ளமும் பலகைகளைக் கயிறால தைச்சுச் செய்யுற படகுதான்.

யாரோட மரம்?

இங்க ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. திருவிதாங்கூர்ல தேக்கும் ஈட்டியும் ராஜமரம். உங்க சொந்த நிலத்துல நின்னாலும் அது அரசாங்கத்தோட சொத்து. அதனால சாதாரண வீடுகளுக்கு அயினி, பலா, பனைதான். அதோட நாடார் மாதிரியான சாதிகள் ஒரு நிலைக்கு மேல வீடு கட்டக் கூடாதுன்னு 19-ம் நூற்றாண்டு வரைக்கும் தடை இருந்தது. ஓலையும் மண்ணும் வச்சுக் கட்டின குடிசை நூறு வருஷம் நிக்காது. இன்னைக்கு ‘பழைய மரம்’னு நம்ம கைக்கு வர்றது, அப்போ மரத்துல கட்ட அனுமதியும் வசதியும் இருந்தவங்க வீட்டு மரம். அதை வெறும் அழகாப் பார்க்கிறப்போ இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்கணும்.

ஆணிக்கு மதிப்பு இருந்த காலம்

இப்போ கொஞ்சம் வெளியூர் போவோம். 1645 வாக்குல அமெரிக்காவோட வர்ஜீனியா காலனியில ஒரு சட்டம் போட்டாங்க. தோட்டத்தை விட்டுட்டு வேற நிலத்துக்குப் போறவங்க, போகும்போது வீட்டை எரிக்கக் கூடாது. எதுக்கு எரிச்சாங்க? சாம்பல்ல இருந்து ஆணியைப் பொறுக்கி எடுக்க! வீட்டை எரிக்காம விட்டா, அதுல எத்தனை ஆணி இருக்கும்னு ரெண்டு பேர் பொதுவா மதிப்புப் போடுவாங்க, அத்தனை ஆணியை அரசாங்கம் கொடுக்கும். சுத்தியும் காடு, மரம் சும்மா கிடைக்குது. ஆணியோ ஒவ்வொண்ணையும் கொல்லன் கையால அடிக்கணும்.

கையால அடிக்கிறது எவ்வளவு வேலைன்னு ஆடம் ஸ்மித் 1776-ல ஒரு கணக்கு சொல்றார். ஆணி செஞ்சு பழக்கமில்லாத கொல்லனால ஒரு நாளைக்கு 200, 300 ஆணிதான் முடியும். ஆணி மட்டுமே செய்யுற பசங்க 2,300-க்கு மேல அடிப்பாங்களாம். டேனியல் சிச்செல்ங்கிற பொருளாதார அறிஞர் 1695-ல இருந்து ஆணி விலையைத் தொகுத்திருக்கார். 1810-ல அமெரிக்காவோட மொத்த உற்பத்தி மதிப்புல 0.4 சதவீதம் ஆணிக்கே போச்சாம். அதுக்கப்புறம் ஆணி வெட்டுற மெஷின், கம்பியில இருந்து ஆணி செய்யுற மெஷின்னு வர வர, உண்மையான விலை கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்காச் சரிஞ்சது.

ரீப்பரோட வந்த ஆணி

நம்ம பக்கக் கூரைக்குள்ள ஆணி மொத்தமா நுழைஞ்சதுல மங்களூர் ஓட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டு ஃபாக்டரி தொடங்கினாங்க. ஓலைக்கூரையைக் கயிறால கட்டினாப் போதும். ஃபாக்டரி ஓடு எல்லாம் ஒரே அளவு, ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு உட்காரும். அதுக்கு ரீப்பர் சரியான இடைவெளியில ஓடணும். ரீப்பர் கழுக்கோலைத் தாண்டுற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கம்பி ஆணி.

குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழை, பக்கத்துலயே உப்புக்காத்து. ஆணி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அதனால ஆணி மரத்துக்குள்ளயே இறுகிப் போகும். இழுத்தா தலை மட்டும் கையோட வரும், உடம்பு உள்ளேயே தங்கிடும். அந்த மரத்தை ரம்பத்துல விட்டா பிளேடு போயிடும், ஆளுக்கும் ஆபத்து. அதனாலதான் ஆணி இருக்கிற மரம்னா அறுப்பு மில்லுல யோசிப்பாங்க. அடுத்த நிறுத்தம் விறகுதான்.

காத்தால ஒரு அடி

கையால ஆணி எடுக்கிற முறை நமக்குத் தெரிஞ்சதுதான். பின்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற கூர் முனையை நிமிர்த்தி, சுத்தியலால திருப்பி அடிச்சா தலை மேல எழும்பும். அதைக் குறடு போட்டு இழுக்கணும். அமெரிக்காவுல பழைய வீட்டு மரத்தை மீட்கிறவங்க பயன்படுத்துற காத்துக் கருவியும் அதே முதல் அடியைத்தான் அடிக்குது. துப்பாக்கி வடிவம், கம்ப்ரசர்ல இருந்து ஒரு ஹோஸ், முன்னால உள்ளீடான மூக்கு. மூக்கை ஆணி முனை மேல வச்சு விசையை அழுத்தினா, உள்ள இருக்கிற கம்பி ஒரே தட்டுல ஆணியைப் பின்னால தள்ளும். தலை உடைஞ்ச ஆணியையும் தள்ளும், அதுதான் இதோட பெரிய வசதி. ஆணி எதிர்ப்பக்கம் தோட்டா மாதிரிப் பறக்கும், கண்ணாடி போடாம தொடவே கூடாது.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் என் அனுமானம். ஒரு கூரையில 600 ஆணி. கையால ஆணிக்கு 2 நிமிஷம்னா 20 மணி நேரம். கருவியால 15 வினாடின்னா இரண்டரை மணி நேரம். விறகு உத்தரமா மாறுறது இந்த வித்தியாசத்துலதான்.

ஆனா எல்லா ஆணிக்கும் இது ஆகாது. முனை வெளியே தெரியணும். ரீப்பரை நெம்பும்போது ஆணி ரீப்பரோட வந்தா கருவி போதும். கனமான கழுக்கோலுக்குள்ளயே தங்கிட்டா பழைய குறடுதான் துணை.

சட்டமும் வேணும்

கருவி மட்டும் இருந்தாப் போதாது. அமெரிக்காவோட போர்ட்லாண்ட் நகரம் 2016-ல ஒரு விதி கொண்டு வந்தது. 1916-லயோ அதுக்கு முன்னாலயோ கட்டின வீட்டை புல்டோசர் விட்டு இடிக்கக் கூடாது, கையால பிரிச்சு மரத்தை மீட்கணும். அப்புறம் 1940 வரைக்கும் கட்டின வீடுகளையும் சேர்த்துக்கிட்டாங்க.

அதே 2016-ல இந்தியாவுலயும் கட்டட இடிபாட்டுக் கழிவுக்கு விதிகள் வந்துச்சு. பெரிய அளவுல கழிவு உண்டாக்குறவங்க அதை நாலு வகையாப் பிரிக்கணும்னு அந்த 2016 விதிகள் சொல்லுச்சு: கான்கிரீட் ஒண்ணு, மண் ஒண்ணு, செங்கலும் காரையும் ஒண்ணு. நாலாவது? இரும்பு, மரம், பிளாஸ்டிக் மூணும் சேர்த்து ஒரே குவியல். ஆணியும் மரமும் அந்த விதிப்படியே ஒரே குப்பையா இருந்துச்சு! நூறு வருஷம் நின்ன அயினி உத்தரத்துக்குன்னு அதுல தனியா ஒரு வரி இருக்கல.

ஒரு விஷயத்தை மட்டும் யோசிச்சுப் பாருங்க. நம்ம ஃபிளாட்ல இன்டீரியர் வேலை செய்யுறவங்ககிட்டயும் கம்ப்ரசர் இருக்கு. அது ஆணியை உள்ள அடிக்கிற கன்னுக்கு. பிளைவுட், பசை, ஆணி மூணும் சேர்ந்தா, அதை அடுத்த தடவை உடைக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது. பத்மநாபபுரத்து ஆசாரி ஒவ்வொரு இணைப்பையும் பின்னாடி ஒருத்தர் கழற்றுற மாதிரி விட்டுட்டுப் போனார். நாம அந்தப் பின்னாடி வர்ற ஆளைக் கணக்குலயே எடுக்கல.

உங்க ஊர்ல, தாத்தா வீடோ பக்கத்து வீடோ, பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறாங்கன்னா ஜேசிபிக்குப் போன் போடுறதுக்கு முன்னால ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க. எந்த மரம் ஆணி இல்லாம நிக்குது, எதுல ஆணி எடுத்தா திரும்ப நிக்கும்னு அவர் பார்த்தே சொல்லிடுவார்.