கண்முன் பள்ளமும் கடல்வழிக் குதிரையும்: வளர்ப்புக் குதிரையின் பூர்வீகம் குறித்த தொடக்ககால ஆய்வுகளைத் தமிழகத்திலிருந்து மறுபரிசீலித்தல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லிடெக்கர் என்ற விலங்கியலாளர் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். அரேபியக் குதிரைக்கும், அதன் வழிவந்த ஆங்கிலப் பந்தயக் குதிரைக்கும் மூதாதை இந்தியாவின் சிவாலிக் மலையடிவாரத்தில் வாழ்ந்து மறைந்த குதிரையாக இருக்கலாம் என்பது அக்கருத்து. அதற்கு அவர் காட்டிய ஆதாரம் மிகச் சிறியது: மண்டையோட்டில் கண்குழிக்குச் சற்று முன்னால் தெரியும் ஓர் ஆழமற்ற பள்ளம். ஐரோப்பாவின் கனத்த குதிரைகளில் அவர் அதைக் காணவில்லை. அரேபிய இனத்திலும் பந்தயக் குதிரைகளிலும் கண்டார். சிவாலிக் புதைபடிவத்திலும் அது இருந்தது. அதற்கும் முந்தைய, மூன்று விரல் கொண்ட ஹிப்பாரியனில் அதே இடத்தில் ஆழமான பள்ளம் உண்டு. எனவே இது வழிவழியாகத் தேய்ந்து வந்த எச்சம் என்றும், எச்சம் இருக்குமிடத்தில் வம்சத் தொடர்பும் இருக்கும் என்றும் அவர் முடிவுகட்டினார்.

லிடெக்கர் ஊகக்காரர் அல்லர். 1874இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சிவாலிக் விலங்குகளின் எலும்புகளோடு ஆண்டுக்கணக்காகப் பழகியவர். அவருக்கு முன்பே இப்பாதையை வெட்டியவர்கள் இருவர். ஹியூ ஃபால்கனர் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளர். புரோபி காட்லி பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர். சிவாலிக் குன்றுகளில் அவர்கள் திரட்டிய புதைபடிவங்களுக்காக 1837இல் லண்டன் புவியியல் கழகம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் வழங்கியது. ஈக்வஸ் சிவாலென்சிஸ் என்ற பெயர் அவர்களுடைய உழைப்பின் வழியே அறிவியலுக்குள் வந்தது. நர்மதைப் படிவுகளிலிருந்து ஈக்வஸ் நமாடிகஸ் என்ற இன்னொரு குதிரையும் சேர்ந்தது. இந்த மண்ணில் மனிதக் கை படாத காட்டுக் குதிரைகள் ஒரு காலத்தில் மேய்ந்தன என்பதில் ஐயமில்லை.

என் மறுப்பு அந்த எலும்புகளைப் பற்றியதல்ல. ஒரு நிலத்தில் குதிரை இருந்தது என்பதும், அந்நிலத்தில் குதிரை பழக்கப்பட்டது என்பதும், அந்நிலத்தில் குதிரை தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்க முடிந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். தொடக்ககால ஆய்வு முதலாவதை நிறுவியதும் அடுத்த இரண்டையும் பெற்றுவிட்டதாகக் கருதியது. அந்தக் குழப்பம் நூறாண்டு கடந்தும் நம்மிடையே நீடிக்கிறது. இம்மூன்றையும் பிரித்துக் காட்டத் தமிழகத்தின் சான்றைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அக்கால அறிவுச் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். 1881இல் பொலியாகோவ் மங்கோலியப் புல்வெளியின் காட்டுக் குதிரைக்குப் பிரஷெவால்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். எடின்பரோவில் ஜேம்ஸ் கோசர் யூவார்ட் வரிக்குதிரையையும் குதிரையையும் கலந்து பெனிக்குவிக்கில் செய்த சோதனைகளை 1899இல் வெளியிட்டார். பெட்டைக்குதிரை முதலில் சேர்ந்த ஆணின் சாயல் பின்னாளில் வேறு ஆணுக்குப் பிறக்கும் குட்டிகளிலும் தோன்றும் என்ற பழைய நம்பிக்கையை அச்சோதனைகள் தகர்த்தன. 1904இல் அவர் வளர்ப்புக் குதிரைக்குப் பல மூலங்கள் உண்டு என்று வாதிட்டார். மறு ஆண்டு வில்லியம் ரிட்ஜ்வே, உயர்ந்த குதிரையின் பிறப்பிடம் வட ஆப்பிரிக்கா என்றார். லிடெக்கரின் 'குதிரையும் அதன் உறவினங்களும்' 1912இல் வந்தது. கதிரியக்கக் கரிமக் கணிப்பு அப்போது இல்லை. மரபணு என்ற பேச்சே கைக்குழந்தைப் பருவத்தில் இருந்தது. மண்டையோடு, பல், மயிர், நிறம் இவையே அவர்கள் கையில் இருந்த கருவிகள். அக்கருவிகளைக் கொண்டு இவ்வளவு கூர்மையாகப் பார்த்ததற்காக அவர்களை மதிக்கிறேன்.

ஆனால் வேறு வகைச் சான்று ஒன்று அப்போதே அச்சில் இருந்தது. 1871இல் ஹென்றி யூல் மொழிபெயர்த்த மார்க்கோ போலோவின் பயணநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் எலியட்–டவுசன் தொகுப்பின் மூன்றாம் தொகுதி பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் குறிப்புகளை ஆங்கிலத்தில் தந்தது. இரண்டும் மாறவர்மன் குலசேகரன் காலத்துப் பாண்டிய நாட்டைப் பேசுகின்றன. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலேறின. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை என்கிறார் வஸ்ஸாஃப். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்றும், லாடம் அடிக்கவோ நோய் பார்க்கவோ தெரிந்தவர் இங்கில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். அவர் சொல்லும் இன்னொரு செய்தி நம் வாதத்துக்கு உயிர்நாடி: நல்ல பெட்டைக்குதிரையையும் நல்ல பொலிக்குதிரையையும் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, ஏறிச் செல்ல உதவாததாகவே பிறக்கிறது.

பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். வணிகர்கள் தம் சந்தையைக் காக்கப் பரப்பிய கதையும் கலந்திருக்கலாம். ஆயினும் அதன் உட்கருவை இன்றைய கால்நடை மருத்துவம் ஆதரிக்கிறது. தவிட்டையும் தானியத்தையும் மிகுதியாகத் தின்னும் குதிரைக்குப் பாஸ்பரஸ் கூடிச் சுண்ணச்சத்து குறைகிறது; எலும்பு மென்மையாகி முகம் வீங்குகிறது, கால் வலுவிழக்கிறது. அரிசிச் சோறும் கொள்ளும் எவ்வளவு கொடுத்தாலும் புல்வெளிக்கு அவை ஈடாகா. ஈரமும் வெப்பமும் சேர்ந்த கடற்கரைச் சமவெளி இந்தக் குறையை மேலும் கூட்டுகிறது.

தமிழ்ச் சான்று பாண்டியரோடு தொடங்கவில்லை. புகாரின் துறைமுகத்துக்குக் கடல்வழி வந்த பொருள்களில் குதிரையை முதலில் வைத்துப் பேசுகிறது பட்டினப்பாலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் தனி வணிகக் குழுவினராகத் தென்படுகிறார்கள். மாணிக்கவாசகரின் கதையே குதிரை வாங்கக் கடற்கரைக்குப் போன அமைச்சரின் கதை. சுமார் ஆயிரம் ஆண்டு நீளும் இத்தொடரில் அரசுக்கு வேண்டிய குதிரை வெளியிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கக் கம்பெனி பண்ணை அமைத்தபோது தேர்ந்த இடம் கடற்கரைச் சமவெளியில் இல்லை. குளிர்ந்த ஓசூர் மேட்டுநிலத்தில் இருந்தது. பிற்பாடு நியூ சவுத் வேல்ஸிலிருந்து வேலர் குதிரைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கின. லிடெக்கர் கல்கத்தாவில் பணியாற்றிய காலத்திலும் அந்தக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

இங்கே என் வாதத்துக்கு நானே ஓர் எல்லை போட்டாக வேண்டும். போர்க்குதிரை இங்கே பெருகவில்லை என்பதால் குதிரையே பெருகவில்லை என்று சொல்ல முடியாது. மட்டக்குதிரைகள் ஊர்ச் சந்தைகளில் விற்கப்பட்டன, பொதி சுமந்தன, வண்டி இழுத்தன. வாணிகப் பதிவும் இலக்கியமும் அரசர் வாங்கிய உயர்குதிரைகளையே பேசும். எளியவர் வைத்திருந்த குதிரை ஏட்டில் ஏறாது. ஐயனார் கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகளைக் கொண்டும் எதையும் நிறுவ முடியாது. நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் வட்டாரம் போன்ற முந்திரிக்காட்டுச் செம்மண் ஊர்களில் மண்குதிரையைத் தினம் கடந்து செல்பவர்கள் உயிருள்ள குதிரையை அரிதாகவே பார்க்கிறார்கள். வழிபாட்டு உருவம் ஊரின் விலங்குக் கணக்கெடுப்பு அன்று.

தொல்லியலில் இதே குழப்பம் வேறு வடிவில் வெடித்தது. கட்ச் பகுதியின் சுர்கோட்டடாவில் ஜெ. பி. ஜோஷி அகழ்ந்த ஹரப்பா குடியிருப்பில் குதிரை எலும்புகள் உள்ளன என்று 1974இல் ஏ. கே. சர்மா அறிவித்தார். 1990களில் ஹங்கேரிய எலும்பியலாளர் ஷாண்டோர் பொக்கொனி அதை ஆதரித்தார். ரிச்சர்ட் மெடோவும் அஜிதா படேலும் 1997இல் மறுத்தார்கள். கட்ச்சின் உப்புப் பாலைவனம் காட்டுக்கழுதையின் வீடு; பல்லின் எனாமல் மடிப்பையும் விரலெலும்பின் அளவையும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம் என்பது மறுப்பின் சாரம். எலும்பு குதிரையுடையதா என்ற கேள்விக்குக் கொட்டப்பட்ட மையில் சிறு பங்குகூட, ஒன்றிரண்டு குதிரைகள் ஓர் ஊரில் இருந்தால் அதிலிருந்து என்ன பெறப்படும் என்ற கேள்விக்குச் செலவாகவில்லை. பாண்டியர் காலத்துக் கடற்கரை ஊரொன்றை அகழ்ந்தாலும் குதிரை எலும்பு கிடைக்கக்கூடும். அது பாரசீகத்தில் பிறந்த விலங்கின் எலும்பாக இருக்கலாம்.

மூலத்தைப் பற்றிய வினாவுக்கு மரபணு இப்போது தெளிவான விடை தருகிறது. லுடோவிக் ஒர்லாண்டோவின் குழு 2021இல் 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டது. இன்றைய வளர்ப்புக் குதிரைகள் அனைத்தும் வோல்கா–டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் தோன்றிய ஒரே கிளையைச் சேர்ந்தவை. சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன் அக்கிளை வேகமாகப் பரவத் தொடங்கியது. அரேபியக் குதிரையும் அதில் அடக்கம். பள்ளத்தை வைத்து லிடெக்கர் வரைந்த தனிவம்சம் இதனால் வீழ்ந்தது; யூவார்ட்டின் பல மூலங்களும் வீழ்ந்தன. கஜகஸ்தானின் போட்டாய் மக்கள் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே குதிரைகளை வைத்திருந்தார்கள். ஆனால் 2018இல் வந்த ஆய்வின்படி அக்குதிரைகளின் வாரிசு பிரஷெவால்ஸ்கி குதிரையே; நம்முடைய வளர்ப்புக் குதிரை அன்று. ஓரிடத்தில் குதிரையைப் பழக்கியதுகூட அந்த வம்சம் நிலைத்ததற்குச் சான்றாகாது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட இயலாது.

குதிரைக்கு இந்திய மூலம் தேடுவோர் இன்று குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுட்டுகிறார்கள். 2005இல் சுனில் பாஜ்பாயும் உடனாய்வாளர்களும் அங்கிருந்து கேம்பேதீரியம் என்ற விலங்கை விவரித்தார்கள். சுமார் 5.45 கோடி ஆண்டுக்கு முந்தைய அவ்விலங்கு குதிரை, காண்டாமிருகம், டாபிர் ஆகியவற்றை உள்ளடக்கிய ஒற்றைப்படைக் குளம்பி வரிசையின் வேருக்கு மிக நெருங்கியது. ஆனால் ஆசியாவோடு ஒட்டாத நிலத்திட்டாக இந்தியா மிதந்த காலத்து விலங்கைக் கொண்டு, நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கடிவாளத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

தீபகற்ப இந்தியாவில் எஞ்சி நிற்கும் உண்மையான வினா பெருங்கற்காலத்தைப் பற்றியது. விதர்ப்பத்தில் நாக்பூரை ஒட்டிய மாகூர்ஜரி ஈமக்குழிகளில் எஸ். பி. தேவின் அகழாய்வு குதிரை எலும்புகளையும், குதிரைத் தலைக்கான செம்பு அணிகளையும், இரும்புக் கடிவாளங்களையும் வெளிக்கொணர்ந்தது. 1974இல் லாரன்ஸ் லெஷ்னிக் இத்தகைய கருவிகளைக் கொண்டு பெருங்கற்கால மக்கள் குதிரையேறிய மேய்ச்சல் இனத்தவர் என்று வாதிட்டார். கருவி குதிரையேற்றத்தைக் காட்டுகிறது. அக்குதிரைகள் விதர்ப்பத்திலேயே பிறந்தவையா, வடமேற்கிலிருந்து வாங்கி வரப்பட்டவையா என்பதைக் காட்டாது. அதை அறிய வழி இருக்கிறது. குட்டிப் பருவத்தில் தின்ற புல்லும் குடித்த நீரும் பல்லின் எனாமலில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதமாகப் பதிந்துவிடுகின்றன. தக்காணத்தின் எரிமலைப் பாறை மண்ணுக்கும் சிந்துச் சமவெளி வண்டலுக்கும் அந்த விகிதம் வேறு. விதர்ப்பத்துக் குதிரைப் பற்களையும், இனி தமிழகக் கடற்கரை அகழாய்வுகளில் கிடைக்கக்கூடிய குதிரைப் பற்களையும் ஒரே அட்டவணையில் அளந்து வைப்பதே அடுத்த பணி.