ஹந்தானை அடிவாரத்தில் ஒரு கட்டில்

யாழ்ப்பாணத்தில் "மகன் பல்கலைக்கழகத்துக்குப் போறான்" என்று சொல்பவர்கள் குறைவு. "கம்பஸுக்குப் போறான்" என்பதுதான் ஊர்ப்பேச்சு. எல்லாப் பல்கலைக்கழகங்களும் சட்டப்படி 'கம்பஸ்' ஆக இருந்த காலமோ ஆறே ஆண்டுகள். 1972 முதல் 1978 வரை இலங்கை முழுவதற்கும் ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் இருந்தது. கொழும்பு, பேராதனை, வித்தியோதயா, வித்தியாலங்காரா, கட்டுபெத்தை, பிறகு யாழ்ப்பாணம் ஆகிய எல்லாம் அதன் வளாகங்கள். அந்தச் சட்டம் போய் எத்தனையோ காலமாகியும் கம்பஸ் என்ற சொல் போகவில்லை. கம்பஸ் கிடைத்த பிள்ளையிடம் ஊரார் கேட்கும் இரண்டாவது கேள்வியும் மாறவில்லை: "எங்க தங்கப் போறாய்?"

இலங்கையில் பல்கலைக்கழகம் என்ற எண்ணமே இந்தக் கேள்வியோடு சேர்ந்துதான் வளர்ந்தது. 1906இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்துக்குச் சேர். பொன்னம்பலம் அருணாசலம் தலைமை தாங்கினார். அவர்கள் கேட்டது பல்கலைக்கழகம். 1921இல் கொழும்பில் கிடைத்தது ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்குப் படித்தார்கள். முழுப் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்ற வாதம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொழும்பில் இருந்தால் பிள்ளைகள் வீட்டில் இருந்தே படிக்கலாம், ஆஸ்பத்திரியும் நீதிமன்றமும் பக்கத்தில் என்றது ஒரு கட்சி. நகரத்து ஆரவாரத்தை விட்டு மலைநாட்டுக்குப் போய், ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கி வாழ வேண்டும் என்றது மற்றது. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன மலைநாட்டின் பக்கம் நின்று தன் பத்திரிகைகளின் பலத்தையெல்லாம் அதற்குக் கொடுத்தார். 'இடச்சண்டை' என்றே அந்த வாதத்துக்குப் பெயர் வந்துவிட்டது. மருத்துவர்கள் எஸ். சி. போலும் அண்ட்ரியஸ் நெல்லும் சுட்டிய நியூ பேராதனைத் தோட்டத்தை 1938இல் அரசாங்க சபை ஏற்றுக்கொண்ட பிறகே அது ஓய்ந்தது. உண்மையில் அங்கே சண்டை நிலத்துக்காக நடக்கவில்லை. மாணவன் வீட்டில் படுப்பதா, விடுதியில் படுப்பதா என்பதுதான் வழக்கு.

1941இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அதிபராக வந்த ஐவர் ஜெனிங்ஸ், கேம்பிரிட்ஜில் படித்த சட்ட அறிஞர். விடுதியைப் பற்றிய அவருடைய நம்பிக்கை உறுதியானது. விரிவுரை மண்டபத்தில் பாதிக் கல்விதான். சாப்பாட்டு மேசையிலும் மைதானத்திலும் நள்ளிரவு வாக்குவாதத்திலும் மீதியைப் பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது மாணவர் தொகை ஏறத்தாழ 900. ஆனால் யுத்த காலம். பேராதனையில் கட்டடம் எழும்பவில்லை. தாவரவியல் பூங்காவில் மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம்தான் குடியேறியது.

யுத்தம் முடிந்த பிறகு வேலை தொடங்கியது. பட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் வரைந்த பெரும் திட்டத்துக்குச் சுவரும் கூரையும் கொடுத்தவர் பல்கலைக்கழகக் கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ். அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கல்லையும் கண்டிக் கூரையையும் மாணவர் நடமாடும் கட்டடங்களுக்குள் அவர் கொண்டுவந்தார். ஹந்தானை மலைச்சரிவு ஒரு பக்கம், மகாவலி கங்கை மறு பக்கம், நடுவே கலஹா வீதி. சரிவின் மேட்டுக்கு மேடு விடுதிகள். 1952 ஒக்டோபரில் கலைப்பீடத்து மாணவர்கள் கொழும்பிலிருந்து குடிபெயர்ந்தார்கள். அல்விஸ் அதே ஆண்டு இறந்துபோனார். வளாகத்தில் அவர் பெயரில் ஒரு சிறு குளம் உண்டு. திறப்பு விழா 1954 ஏப்ரல் 20ஆம் திகதி நடந்தது. அதற்குள் மாணவர்கள் அங்கே வாழ்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. திறக்க வந்த எடின்பரோ கோமகன், வழமையைவிட இன்னும் அதிகமாகத் திறந்திருக்கட்டும் என்ற கருத்தில் சொன்ன வாசகம் பேராதனையின் அடையாள வாசகமாகவே ஆகிவிட்டது.

அருணாசலம், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர. பின்னர் இராமநாதன், மார்ஸ், விஜேவர்தன, மார்க்கஸ் பெர்னாண்டோ. பல்கலைக்கழகம் வேண்டுமென்று போராடியவர்களின் பெயர்களில் பல விடுதிப் பெயர்ப்பலகைகளுக்கு வந்து சேர்ந்தன. கங்கைக்கு அக்கரையில் எழும்பிய விடுதிக்கு நீதியரசர் அக்பரோடு மருத்துவர் நெல்லின் பெயரும் சேர்ந்தது. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு வார்டன், உதவிக்கு உப வார்டன்கள். அவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள், அங்கேயே குடியிருந்தவர்கள். மேசையில் அமர்ந்தால் பணியாளர் பரிமாறுவார். விசேட இரவுகளில் கோட்டும் டையும் கட்டாயம். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாத கிராமத்துப் பிள்ளை, முதல் கிழமை பக்கத்தில் இருப்பவனைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்தே சாப்பிட்டு முடிக்க வேண்டும். 1945 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை படிப்புக்குக் கட்டணம் இல்லை. விடுதிக்கோ கட்டணம் உண்டு. கையில் காசில்லாதவனுக்கு உதவிப்பணம்தான் கதி.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த விடுதிக்குப் போகும் பயணமே ஒரு பாடம். வடபகுதி ரயில் நேராகக் கொழும்புக்கு ஓடும். கண்டிப் பக்கம் போக வேண்டியவன் பொல்கஹவெலையில் தகரப்பெட்டியோடு இறங்கி மாற வேண்டும். மட்டக்களப்பிலிருந்து வருபவனும் மாகோ வழியாக அதே பொல்கஹவெலைக்குத்தான் வந்தாக வேண்டும். வடக்கும் கிழக்கும் முதன்முதலில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டு வியந்தது இப்படியான மேடைகளிலும், அதற்குப் பிறகு ஒரே அறையின் இரண்டு கட்டில்களிலும்தான். யாழ்ப்பாணத்தானுக்கு மட்டக்களப்புக் கூத்தின் தாளக்கட்டு ஒருவேளை அங்கேதான் முதலில் காதில் விழுந்திருக்கும்.

அந்தக் கூத்துக் கதை பேராதனை விடுதி வாழ்க்கையின் மிகப் பெரிய கொடை. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் சிங்கள மேடையையே திருப்பிப் போட்டது. தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தனுக்கு, நம் கூத்தையும் இப்படி எடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நடிகர்களைத் தேடி அவர் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. மட்டக்களப்பில் அண்ணாவிமாரிடம் ஆடிப் பழகிய பிள்ளைகள் விடுதிகளிலேயே இருந்தார்கள். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', 1965இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை'. விடிய விடிய வட்டக்களரியில் ஆடும் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குப் பொருத்திய அந்த வேலைக்கு மாலைகளும் இரவுகளும் தேவைப்பட்டன. பகலில் வகுப்பு, இரவில் மத்தளம். இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு பிறகு அந்தக் கலைக்கே ஆசிரியரானார். ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய மாணவர்களைக் கொண்டு வித்தியானந்தன் இதைச் செய்திருக்க முடியுமா? முடிந்திருக்காது. ஜெனிங்ஸ் சொன்ன மீதிப் பாதிக் கல்விக்குத் தமிழில் ஓர் உதாரணம் கேட்டால் இராவணேசனைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஜெனிங்ஸ் கட்டிய வீடு ஆயிரம் சொச்சம் பேருக்கானது. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கானது. 1960இல் கலைப்பீடம் சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. திறக்க வேண்டிய கதவு அது. அதுவரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர். ஐந்தே ஆண்டுகளில் அது மூன்று மடங்கையும் தாண்டியது. கட்டில்கள் அப்படிப் பெருகவில்லை. ஒருவருக்கோ இருவருக்கோ என்று கட்டிய அறைக்குள் மூன்றாவது, நான்காவது மெத்தை விரிந்தது. பரிமாறிய பணியாளர் போய், தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் வழக்கம் வந்தது. பெனிதெனிய, ஹிந்தகல, கெலிஓயாப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னறையை வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். கலைப்பீட மாணவரில் ஒரு பகுதியைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லோரும் தங்கிப் படிப்பது என்ற கனவு, பத்து ஆண்டு நிறைவதற்குள்ளேயே கட்டிலுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும் நிலைக்கு வந்துவிட்டது.

நெருக்கத்திலிருந்தும் ஒரு நல்ல பழக்கம் விளைந்தது. பாடம் விளங்காத இளைய மாணவரை அறைக்கு அழைத்து மூத்தவர் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்று பெயர். சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அதே சொல்தான். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கு இரண்டு மொழி வீடுகளிலும் எரிந்ததுதானே. காசு வாங்காத இந்த வகுப்பால் பட்டம் பெற்றவர்கள் நாட்டில் எத்தனையோ பேர்.

அதே மூத்தவர் கையில் பகிடிவதையும் இருந்தது. 1975இல் இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மேல்மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடக்கும் சக்தியை இழந்தார். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு, பகிடிவதையைத் தடைசெய்யும் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பதற்குச் சட்டத்தால் இன்னும் முடிவு வரவில்லை.

1971 ஏப்ரலில் தெற்கில் நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பிறகு வித்தியோதயாவும் வித்தியாலங்காராவும் தடுப்பு முகாம்களாயின. மாணவர் இருந்த இடங்களில் கைதிகள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஒற்றைப் பல்கலைக்கழகச் சட்டம் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து ஆளப் பார்த்தது. அந்த ஏற்பாட்டுக்குள்தான், பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாக மாற்றிய தரப்படுத்தலால் தமிழ் இளைஞர் கொதித்திருந்த வேளையில், 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. முதல் தலைவர் க. கைலாசபதி, அவரே பேராதனை விடுதிகளில் வளர்ந்தவர்.

இடம், திருநெல்வேலியில் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி. விஞ்ஞானப் படிப்பு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளி வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியில் நடந்தது. 1978இல் தொடங்கிய மருத்துவபீடத்தின் முதல் அணி கைதடி ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் போய் இருந்தது. வளாகத்துக்குள்ளேயே பல வளாகங்கள். ஆனந்தகுமாரசாமி, பாலசிங்கம் என்று விடுதிகள் பின்னர் எழும்பினாலும், பாரத்தைச் சுமந்தது ஊர்தான். கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி ஒழுங்கைகளில் வீட்டின் ஒரு பக்கத்தை மறித்து அறையாக்கினார்கள். கிணற்றடிக்கு ஒரு நேரம், படலை சாத்த ஒரு நேரம், மாத வாடகை. வீட்டுக்கார அம்மா வார்டனை விடக் கண்டிப்பு. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவரும் அவரே.

அப்படிப்பட்ட அறைகளும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1977 ஓகஸ்ட் இனக்கலவரத்தோடு யாழ்ப்பாண வளாகத்தின் சிங்கள மாணவர்கள் தெற்கே அனுப்பப்பட்டார்கள். 1983 மே மாதம் பேராதனை விடுதிகளில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டின் ஜூலை இனக்கலவரத்துக்கு முன்னரே நடந்தது அது. ஒரே அறையில் இரண்டு மொழி கேட்ட காலத்துக்கு இந்த இரண்டு பயணங்களும் பெரும் வெட்டுகள். 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி உள்நாட்டு யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, வீட்டுக்காரரும் வாடகைக்கு இருந்த பிள்ளையும் ஒரே வீதியில் நடந்தார்கள்.

யாழ்ப்பாணம் 1979 முதல் தனிப் பல்கலைக்கழகம். அது தன் பங்குக்கு வவுனியாவில் ஒரு வளாகத்தை 1997இல் பெற்றது. பம்பைமடுவின் அந்த வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல் நகரில். கல்முனையிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ அனுமதிக் கடிதத்தோடு வரும் பிள்ளை, புதிய விடுதிக் கட்டடத்தில் பெயர் இருக்கிறதா என்று பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறாள். இல்லாவிட்டால் அப்பாவும் அவளுமாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, படலையைத் தட்டி, "அறை ஏதும் இருக்கே அக்கா?" என்று கேட்கிறார்கள். முற்றத்தில் ஏற்கெனவே ஏழெட்டு லேடீஸ் சைக்கிள்கள் சுவரோடு சாத்திக் கிடக்கின்றன. அக்கா அந்தச் சைக்கிள்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பின் விறாந்தையை மறிச்சுத் தரலாம், பார்க்கிறியளே?" என்கிறார்.