அம்பாசடர் காரில் விட்டு விட்டு வரும் மின்கோளாறுகள்

விட்டு விட்டு வரும் மின்கோளாறு என்பது, வாகனத்தின் ஒரு மின்சுற்று சில நேரம் ஒழுங்காக வேலை செய்து, சில நேரம் நின்றுபோகும் நிலை. பட்டறைகளில் இதை ‘லூஸ் கான்டாக்ட்’ என்பார்கள். எரிந்த பியூஸையும் அறுந்த வயரையும் கண்டுபிடிப்பது எளிது. வீட்டிலிருந்து கிளம்பும்போது தொல்லை கொடுத்துவிட்டு, பட்டறைக்குள் நுழைந்ததும் காணாமல் போகும் கோளாறுதான் கடினமானது. அதைக் காரணமற்றது என்று நினைத்து பேட்டரி, காயில், டைனமோ என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். உண்மையில் அது காரணமில்லாமல் வருவதில்லை. சூடு, அதிர்வு, ஈரம், மின்சுமை ஆகிய நான்கில் ஒன்று மாறும்போது வருகிறது. எது மாறும்போது வருகிறது என்று கண்டுகொண்டால், பழுதான இடம் பாதி தெரிந்துவிடும்.

வாகனமும் அதன் மின் அமைப்பும்

அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இதைத் தயாரித்தது. தயாரிப்பு 2014இல் நின்றது. பழைய வண்டிகளின் மின் அமைப்பு, பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் மரபைச் சேர்ந்தது. அந்த மரபின் உதிரிபாகங்களுக்குத் தமிழ்நாட்டோடும் தொடர்பு உண்டு: லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது, அதன் தொழிற்சாலை சென்னை பாடியில் இருக்கிறது.

இந்த அமைப்பு 12 வோல்ட்டில் இயங்குவது. பழைய வண்டிகளில் டைனமோவும் கட்-அவுட்டுடன் கூடிய ரெகுலேட்டரும், பிந்தியவற்றில் ஆல்டர்னேட்டரும் இருக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் கணினிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. எனவே ஒவ்வொரு சுற்றையும் கண்ணாலும் மீட்டராலும் முழுக்கத் தொடர முடியும். லூகாஸ் நிற முறை இதற்கு வழிகாட்டி: பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை, இக்னிஷன் சாவி போட்டபின் உயிர் பெறுவது, பச்சை, இக்னிஷன் வழியாக பியூஸைக் கடந்து வருவது, நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. பல கைகள் மாறிய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இடையில் வேறு நிற வயரை ஒட்டியிருப்பார்கள்.

கோளாறு ஏன் வந்து வந்து போகிறது

மின்சுற்றின் பலவீனம் பெரும்பாலும் வயரில் இருப்பதில்லை, இணைப்பில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஒரு ஹெட்லைட்டை அடைந்து திரும்புவதற்குள் பேட்டரி டெர்மினல், லைட் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச், உருளை வடிவச் செருகு இணைப்புகள், பல்பு ஹோல்டர், எர்த் திருகு என்று பல வாசல்களைக் கடக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஈரமும் கடற்காற்றின் உப்பும் பட்டு, செம்பிலும் பித்தளையிலும் களிம்பு ஏறுகிறது. அதிர்வில் உலோகங்கள் உராய்ந்து மெல்லிய படலம் உண்டாகிறது. என்ஜின் சூட்டில் இணைப்பு விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது. அதனால்தான் காலையில் நன்றாக ஓடிய வண்டி நண்பகலில் நின்றுபோகிறது.

சிறிய தடை எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதை ஓமின் விதி காட்டும். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரே ஒரு இணைப்பில் 0.5 ஓம் தடை ஏறினால், அங்கேயே ஏறத்தாழ 2 வோல்ட் வீணாகிவிடும். பல்புக்குப் 10 வோல்ட்தான் கிடைக்கும். வெளிச்சம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். வீணான அந்த மின்சாரம் இணைப்பிலேயே 7 வாட் அளவுக்குச் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு களிம்பை வளர்க்கிறது, களிம்பு சூட்டை வளர்க்கிறது. கோளாறு மாதத்துக்கு மாதம் அடிக்கடி வருவதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான்.

கண்டறியும் முறை

முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். கோளாறு வந்தபோது என்ஜின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, பள்ளத்தில் இறங்கியதா, எந்தெந்த விளக்குகள் எரிந்தன, ஹார்ன் அடித்தார்களா என்பவற்றை அப்போதே எழுதிவைக்க வேண்டும். ஒரே நேரத்தில் எவை எவை நின்றன என்பது மிக முக்கியம். இண்டிகேட்டரும் வைப்பரும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்து நின்றால், மூன்றுக்கும் பொதுவான பச்சை வயரின் பியூஸையோ அதன் பிடியையோ பார்க்க வேண்டும். மூன்றையும் தனித்தனியே கழற்றத் தேவையில்லை.

இரண்டாவது, பேட்டரியின் நிலை. வண்டி ஓய்ந்திருக்கும்போது முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். என்ஜின் வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. டைனமோ வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது விளக்கு மங்குவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணித் தேடக் கூடாது.

மூன்றாவது, சுமையோடு சோதிப்பது. டிஜிட்டல் மல்டிமீட்டர் மிகச் சொற்ப மின்சாரத்தையே இழுக்கும். முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய வயரிலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். அதே இடத்தில் ஒரு பல்பைக் கட்டினால் மினுக்கென்று எரிந்து அணைந்துவிடும். ஆகவே பழைய வண்டிக்கு டெஸ்ட் லேம்ப் இன்றும் மீட்டருக்கு இணையான கருவி. மீட்டரைக் கொண்டு பார்ப்பதாக இருந்தால், விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனைக்கும் பல்பு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் இழப்பு என்று அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த வழியில் ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. எர்த் பக்கத்தையும் இதேபோல் அளக்க வேண்டும்.

நான்காவது, கோளாறை வரவழைப்பது. டெஸ்ட் லேம்ப் எரிந்துகொண்டிருக்கும்போது வயர்க் கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். சூட்டில் வரும் கோளாறு என்றால், சந்தேகப்படும் பாகத்தை ஹேர் டிரையரால் சூடாக்கலாம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். நான்கு இடத்தைச் சேர்த்து அசைத்துச் சரியானால், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

அடிக்கடி காணும் நிலைகள்

என்ஜின் எர்த் பட்டை: என்ஜின் ரப்பர் மவுண்டின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதைப் பாடியோடு மின்முறையில் இணைக்கத் தனியே ஒரு பட்டை உண்டு. அது அறுந்தாலோ துருவேறினாலோ செல்ஃப் மோட்டார் சில நாள் சுற்றும், சில நாள் ‘டக்’ என்ற ஒலியோடு நிற்கும். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மின்சாரம் திரும்ப வேறு வழி தேடி, சோக் கேபிள் வழியே பாய்ந்துவிடும். செல்ஃப் அடித்தபின் சோக் குமிழ் சுட்டால், வேறு எதையும் கழற்றுமுன் இந்தப் பட்டையைப் பார்க்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் உள் வயர்: ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் என்ஜின் இடறும், கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பொருத்திய தட்டு, வாக்குவம் மாறும்போதெல்லாம் சற்றுத் திரும்பும். அதோடு சேர்ந்து பாயிண்டுக்குப் போகும் குட்டி வயரும், தட்டின் எர்த் வயரும் லட்சக்கணக்கான முறை வளைகின்றன. உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பிழைகள் அறுந்துவிடும். வண்டி நிற்கும்போது முனைகள் தொட்டுக்கொள்ளும். தட்டு திரும்பும்போது பிரியும். இக்னிஷனை அணைத்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வைத்து, வாக்குவம் குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்ச வேண்டும். தட்டு திரும்பும், முள் துள்ளினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

காயிலும் கண்டன்சரும்: அரைமணி ஓடி நின்று, ஆறியபின் கிளம்பும் வண்டியில் இவற்றைச் சந்தேகிக்கலாம். கோடையில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தாலும் இதே அறிகுறி தெரியும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

பின்விளக்குகள்: பிரேக் அழுத்தும்போது அதே பக்கத்து இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால், ஹோல்டரின் எர்த் போய்விட்டது என்று பொருள். மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியே வெளியேறுகிறது.

இரவில் இறங்கும் பேட்டரி: 60 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் கசிந்தாலே ஐந்து நாளில் காலியாகிவிடும். டிக்கி விளக்கோ, ஒட்டிக்கொண்ட கட்-அவுட்டோ, பின்னாளில் இழுத்த டேப் ரெக்கார்டர் வயரோ காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி எர்த் கேபிளைக் கழற்றி, இடையே ஆம்பியர் மீட்டரை வைத்து, பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் எந்தச் சுற்று என்று தெரியும். இந்தச் சோதனை நடக்கையில் செல்ஃப் அடிக்கக் கூடாது; மீட்டர் எரிந்துவிடும்.

பழுது நீக்கமும் பாதுகாப்பும்

வேலை தொடங்குமுன் எர்த் ஆன டெர்மினலை முதலில் கழற்றி, முடித்தபின் அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் ஆக இருக்கக்கூடும். பேட்டரி மாற்றுமுன் அதை உறுதி செய்துகொள்வது கட்டாயம். பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று அச்சிட்டிருப்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் உலோகத் தாளைச் சுற்றுவதும் தீயை வரவழைக்கும். பழைய அமைப்பில் சில சுற்றுகளுக்கு பியூஸே கிடையாது என்பதால், உரசி உறை தேய்ந்த வயரை டேப் சுற்றிவிட்டு விடாமல் மாற்றிவிட வேண்டும். ஹார்ன், கூடுதல் விளக்கு போன்றவற்றுக்குத் தனி பியூஸும் ரிலேயும் வைப்பது நல்லது.

எர்த் திருகின் அடியை உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூச வேண்டும். முறுக்கி ஒட்டிய இணைப்புகளை வெட்டி எடுத்து, முறையாக நசுக்கிப் பொருத்திய லக் போட வேண்டும்.

கடைசி வேலை, முதலில் எழுதிய நோட்டுக்குத் திரும்புவது. மழையில் வந்த கோளாறு என்றால் தண்ணீர் தெளித்து, சூட்டில் வந்தது என்றால் அரைமணிக்கு மேல் ஓட்டி, பள்ளத்தில் வந்தது என்றால் அதே சாலையில் இறங்கிப் பார்க்க வேண்டும். பட்டறை வாசலில் விளக்கு எரிவதால் மட்டும் கோளாறு தீர்ந்துவிட்டது என்று ஆகாது. எந்தச் சூழலில் வந்ததோ, அந்தச் சூழலிலும் வராமல் இருந்தால்தான் தீர்ந்தது.