லெமன் இஞ்சி டீ: எலுமிச்சையை எப்போது பிழியணும்? சாப்பிட்டதும் குடிக்கலாமா? யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

பௌர்ணமி அன்னைக்கு திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் முடித்துவிட்டு வருபவர்களைக் கவனித்துப் பாருங்கள். கால் வலியோடு முதலில் தேடுவது டீக்கடையைத்தான். ஒரு காலத்தில் பால் டீ, விட்டால் சுக்குமல்லி காபி. இப்போது "அண்ணே, லெமன் டீ ஒண்ணு, இஞ்சி தட்டிப் போட்டு" என்று கேட்பவர்களும் நிறைய.

கடையில் குடித்தது வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் போட்டால் ஒன்று கசக்குது, இல்லன்னா வெறும் புளிப்புத் தண்ணி மாதிரி இருக்குது என்பதுதான் பலரின் புகார். இன்னொரு பக்கம், இது கொழுப்பைக் கரைக்கும், சளியை விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் தகவல்கள் சுற்றுகின்றன. எது உண்மை? எப்படிப் போடணும்? யார் குடிக்கும்போது கவனமா இருக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

தேவையான பொருட்கள் (2 கப்புக்கு)

- தண்ணீர்: இரண்டரை கப். கொதித்து வற்றும்போது 2 கப் நிற்கும்
- இஞ்சி: ஒரு அங்குலத் துண்டு
- டீத்தூள்: 1 டீஸ்பூன்
- எலுமிச்சை: நடுத்தர அளவில் 1
- தேன், நாட்டுச் சர்க்கரை அல்லது சீனி: தேவைக்கு
- உப்பு: ஒரு சிட்டிகை (விரும்பினால்)

செய்முறை

1. இஞ்சியைக் கழுவி, தோலைச் சீவி, உரலில் போட்டு நசுக்கிக்கொள்ளுங்கள். வட்டமாக நறுக்கிப் போட்டால் சாறு முழுசா இறங்காது.
2. தண்ணீரில் இஞ்சியைப் போட்டு, கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து 5 நிமிடம் விடுங்கள்.
3. அடுப்பை அணைத்த பிறகு டீத்தூளைப் போட்டு, 2 நிமிடம் மூடி வையுங்கள்.
4. வடிகட்டி, ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.
5. கடைசியாக, ஒரு கப்புக்கு 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. விதை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேன் சேர்ப்பதானால் அதுவும் இப்போதுதான்.

எவர்சில்வர் பாத்திரமே நல்லது. புளிப்பு உள்ள எதையும் அலுமினியப் பாத்திரத்தில் வைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

பால் டீ போட்டுப் பழகிய கை, டீத்தூளைப் போட்டு நன்றாகக் கொதிக்கவிடும். அதில்தான் தப்பு. டீத்தூள் கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கூடுதலாக இறங்கும். பால் இருந்தால் அதிலுள்ள புரதம் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும். லெமன் டீயில் பால் இல்லை. அதனால் துவர்ப்பும் கசப்பும் நேராக நாக்கில் தெரியும்.

எலுமிச்சையைக் கொதிக்கும்போதே போடுவது இரண்டாவது தப்பு. வைட்டமின் சி சூட்டில் குறையும், வாசனையும் ஆவியோடு போய்விடும். தோலோடு போட்டுக் கொதிக்கவிட்டால் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பும் சேரும்.

எலுமிச்சை பிழிந்ததும் டீயின் கருஞ்சிவப்பு நிறம் வெளிறி பொன்னிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. டீக்கு நிறம் தரும் பொருட்கள் அமிலம் பட்டதும் நிறம் வெளிறும், அவ்வளவுதான். ஆனால் பால் டீயில் மட்டும் எலுமிச்சை பிழியாதீங்க, திரிந்துவிடும்.

டீத்தூள் சுத்தமானதா? வீட்டிலேயே பார்க்கலாம்

பால் இல்லாத டீயில் டீத்தூளின் தரம்தான் எல்லாமே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சொல்லித்தரும் எளிய சோதனை இது. ஒரு வடிதாளில் கொஞ்சம் டீத்தூளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளியுங்கள். பிறகு தாளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை இல்லையென்றால் நல்ல தூள். கருப்பாகவோ பழுப்பாகவோ கறை படிந்தால், ஏற்கெனவே பயன்படுத்திய தூளுக்குச் சாயம் ஏற்றியிருக்கலாம்.

சளியை விரட்டுமா?

2020-ல் கொரோனா நேரத்தில், மத்திய ஆயுஷ் அமைச்சகம் துளசி, லவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர்திராட்சை சேர்த்த கசாயத்தை தினமும் ஒன்றிரண்டு முறை குடிக்கச் சொன்னது. சுவைக்கு வெல்லமோ எலுமிச்சைச் சாறோ சேர்க்கலாம் என்றும் சொன்னது. இஞ்சியும் எலுமிச்சையும் பல வீடுகளில் தினசரிப் பழக்கமானது அந்தக் காலத்தில்தான்.

வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்ற நம்பிக்கை அதைவிடப் பழசு. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1970-ல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் அதன் பிறகு நடந்த ஆய்வுகள் அவர் சொன்ன அளவுக்குப் பலன் காட்டவில்லை. தொடர்ந்து எடுத்தால் சளி நீடிக்கும் நாள் கொஞ்சம் குறையலாம். சாதாரண மக்களுக்குச் சளி வராமலே தடுக்காது.

அதோடு, ஒரு கப் லெமன் டீயில் கிடைப்பது 3 முதல் 4 மில்லிகிராம் வைட்டமின் சி-தான். ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் தேவை. பழனி பக்கத்து ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவில் ஒன்று சாப்பிட்டாலே அதைவிட அதிகம் கிடைத்துவிடும்.

அப்போ பலனே இல்லையா? இருக்கு. சூடான பானம் தொண்டைக்கு இதம் தரும், உடம்பில் நீர்ச்சத்தைக் காக்கும். குமட்டலைக் குறைக்க இஞ்சி உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆய்வு ஆதாரம் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் என்பது மட்டும் மிகை. சீனி போட்ட பால் டீக்குப் பதிலாக சீனி இல்லாமல் இதைக் குடித்தால் கலோரி குறையும், அதுதான் விஷயம். தேனும் நாட்டுச் சர்க்கரையும்கூட சர்க்கரைக் கணக்கில்தான் வரும். சுகர் உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

ரத்தசோகை உள்ளவர்கள் கவனத்துக்கு

அதிகம் பேசப்படாத விஷயம் இது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. டீயில் உள்ள டானின், கீரை, பயறு, தானியங்களிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஐ.சி.எம்.ஆர் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம் என்கிறது.

"எலுமிச்சைதான் இருக்கே, அது இரும்புச்சத்து சேர உதவுமே?" என்று கேட்கலாம். உண்மைதான், வைட்டமின் சி உதவும். ஆனால் 2 டீஸ்பூன் சாறு, டீத்தூளின் வேலையை முழுசாகச் சரிக்கட்டும் என்று நம்பி இருக்க முடியாது.

வழி எளிது:

- சாப்பிட்டதும் சூடாக ஏதாவது குடிக்கணும் போல இருந்தால், டீத்தூளை விட்டுவிடுங்கள். இஞ்சியும் எலுமிச்சையும் மட்டும் போதும்.
- எலுமிச்சையைச் சுண்டலிலோ கீரையிலோ பிழிந்து சாப்பிடுங்கள். இரும்புச்சத்து சேர அது நேரடியாக உதவும்.
- ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. தண்ணீரோடு போடுங்கள். டீ குடிப்பதானால் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடிப்பது பெரும்பாலும் அம்மாதான். இந்தத் தகவல் முதலில் போய்ச் சேர வேண்டியதும் அவரிடம்தான்.

வேறு யாரெல்லாம் கவனிக்கணும்?

- நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்கள்: வெறும் வயிற்றில் வேண்டாம். புளிப்பும் காரமும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும்.
- ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள்: வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், தினமும் இஞ்சி அதிகம் சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் அப்படியே.
- கர்ப்பிணிகள்: மசக்கைக்கு இஞ்சி உதவலாம். ஆனால் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.
- குழந்தைகள்: டீயில் காஃபின் இருப்பதால் குழந்தைகளுக்கு வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுப் பாதிப்பு வரலாம்.
- பல் கூச்சம் உள்ளவர்கள்: எலுமிச்சை அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலை மென்மையாக்கும். குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காதீங்க, அரை மணி நேரமாவது போகட்டும்.

கடைசியா ஒரு விஷயம்

காய்ச்சலை லெமன் இஞ்சி டீ குணப்படுத்தாது. மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது, "கசாயம் குடிச்சா சரியாகிடும்" என்று நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றால் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தொடர் வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ரத்தக்கசிவு இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மற்ற நாளில், இஞ்சியைத் தட்டி, டீத்தூளை அடுப்பு அணைத்த பிறகு போட்டு, எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி நிம்மதியாகக் குடிங்க.