கயிறும் வளையமும்

ஆவுடையார்கோவிலிலிருந்து தென்கிழக்கே போனால் மீமிசல். அதைத் தாண்டினால் பாக் நீரிணை. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த திருப்பெருந்துறை இதுதான் என்பார்கள். அன்று குதிரைகள் கடல் தாண்டித்தான் வந்தன. எங்கள் வீட்டுக்குக் கடல் தாண்டி வந்தது, வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவின் கைக்கடிகாரம். முகப்பைச் சுற்றி நிமிடக் கோடுகள் போட்ட ஒரு வளையம், கடைக்காரர் மொழியில் பெசல். "இது எதுக்கு மாமா?" என்று கேட்டால், "அழகுக்குத்தான்டா" என்பார்.

அழகுக்கு இல்லை, உயிருக்கு.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களிடம் கடிகாரம் கிடையாது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சுத் தாங்குவது ஒரு நிமிடத்தை ஒட்டித்தான். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்தால் இழுக்க வேண்டும். முழுகியவனின் நேரம் இன்னொருவரின் கையில் இருந்தது. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக் குளிப்பு 1961இல் முடிந்தது.

முதுகில் காற்றுக் குடுவை வந்தபின் கதை மாறியது. இப்போது ஒரு நிமிடமில்லை, அரை மணிக்கும் மேல் கீழே இருக்கலாம். ஆனால் கயிறு பிடிக்க ஆளில்லை. பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ழான்-ழாக் ஃபியெஸ்டர் தானே முக்குளிப்பவர். ஒருமுறை நேரம் தவறவிட்டுக் காற்று தீர்ந்து தப்பியவர். 1953இல் அவர் கொண்டுவந்த ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ கடிகாரத்தில் வளையத்தை அழுத்தினால்தான் திருக முடியும். இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், அதன்பின் முள் காட்டும் கோடே கழிந்த நேரம்.

பின்னாளில் வந்தது இன்னும் நுட்பமானது: ஒரே திசையில், இடப்புறமாக மட்டும் திரும்பும் வளையம். பாறையில் பட்டோ, கை தவறியோ நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடித்தான் தெரியும், குறையாது. முக்குளிப்பவன் சீக்கிரம் மேலே வருவான், அவ்வளவுதான் நஷ்டம். வலப்புறம் நகர்ந்திருந்தால், இன்னும் நேரமிருக்கிறது என்று நம்பி அங்கேயே இருந்திருப்பான். தவறும்போதும் உயிரின் பக்கமாகத் தவறு என்று அந்தச் சக்கரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஈரம் அதன் எதிரியும்தான். நனைந்த விரல் வழுக்கும். அதனால்தான் விளிம்பில் பல் வெட்டுகிறார்கள். உப்புத்தண்ணீர் இடுக்கில் காய்ந்தால் உப்பு கட்டிப்போகும், மணல் சேர்ந்தால் இறுகிவிடும். நம் நாழிகை வட்டிலுக்கும் இதே பாடு. அடியில் உள்ள சிறு துளை வழியே தண்ணீர் ஏறி வட்டில் முழுகினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். துளையில் அழுக்குப் படிந்தால் நாழிகையே நீண்டுவிடும்.

மாமா போய்விட்டார். கடிகாரம் என்னிடம் வந்தபோது வளையம் அசையவில்லை. நல்லதண்ணீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் இடுக்கை மெதுவாகத் துடைத்தேன். மூன்றாம் நாள் ‘டிக்’ என்று ஒரு பல் நகர்ந்தது, இடப்புறமாக. முத்துக் குளித்தவனுக்கு மேலே ஒரு கை இருந்தது. அந்தக் கை செய்த வேலையை இந்த வளையம் செய்கிறது. ஆனால் கயிறு பிடித்தவருக்குக் கீழே இருப்பவனின் பெயர் தெரியும்.