முன்கூடத்து வழக்கறிஞர்

சட்டமன்றத்தினுள் அமர்வோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர். வெளியே முன்கூடத்தில் காத்து நின்று, அவர்களைக் கண்டு பேசித் தம் பக்கம் திருப்ப முயல்வோர் வேறொரு கூட்டத்தார். அம்முன்கூடத்துக்கு ஆங்கிலத்தில் 'லாபி' என்று பெயர். அங்கே பிறருக்காகப் பரிந்து பேசுவோரை 'லாபியிஸ்ட்' என்பர். அமெரிக்காவில் இஃது ஒரு தொழில். அரசிடம் முறையிடும் உரிமையை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-இல் உறுதி செய்தது. ஆயினும் பெருவணிகருக்காகப் பேசிப் பொருளீட்டியோர் பலராதலின், அச்சொல்லை மக்கள் ஐயத்தோடு கேட்கலாயினர். எனவே, பரிந்து பேசுவோர் தம் பெயரையும், யாருக்காக உழைக்கின்றனர் என்பதையும் பதிவு செய்யுமாறு 1946-லும் 1995-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

அரசு வழக்கறிஞராய் இருந்தவர் இத்தொழிலில் புகுவாராயின் ஐயம் இருமடங்காகும். பொதுப்பணியில் பெற்ற அறிவை அவர் விலைக்கு விற்பாரோ என்று மக்கள் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்துக்கு மாறான வரலாறு ஒன்றும் உண்டு.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். 1991 முதல் 1999 வரை அப்பதவியை வகித்தவர் ஸ்காட் ஹார்ஷ்பார்கர். புகையிலையால் நோயுற்ற ஏழைகளின் மருத்துவத்துக்கு மாநிலம் செலவிட்ட பணத்தை மீட்கும்பொருட்டு, 1995-இல் அவர் புகையிலை நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார். வேறு பல மாநிலங்களும் வழக்காடின. முடிவில், 1998-இல் மாசசூசெட்ஸ் உள்ளிட்ட 46 மாநிலங்களுக்கு, முதல் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தர அந்நிறுவனங்கள் இசைந்தன.

அவ்வாண்டே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு அவர் தோல்வியுற்றார். 1999-இல் 'காமன் காஸ்' என்னும் அமைப்பின் தலைவரானார். ஜான் கார்ட்னர் 1970-இல் தோற்றுவித்த அவ்வமைப்பும் முன்கூடத்தில் நின்று பேசுவதே. ஆனால் உறுப்பினரின் சந்தாவையும் நன்கொடையையும் கொண்டு, பொதுமக்களின் பொருட்டுப் பேசுவது. கட்சிகளுக்கு வரம்பின்றிக் குவிந்த நன்கொடையைத் தடுக்க அது நெடுங்காலம் போராடியது. அதற்கான மெக்கெயின்–ஃபைன்கோல்டு சட்டம் 2002 மார்ச்சில் நிறைவேறியது. அவ்வாண்டே ஹார்ஷ்பார்கர் தலைமையினின்றும் விலகினார். நிறுவனங்கள் தேர்தலில் தாமே செலவிடுவதற்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2010-இல் நீக்கியது. வெற்றியின் ஒரு பகுதி இவ்வாறு கைநழுவிற்று.

ஆயினும் அவ்வாழ்க்கை உணர்த்தும் உண்மை நழுவவில்லை. முன்கூடத்தில் நிற்பது இழிவன்று. நிற்பவர் கையிலுள்ள மனு யாருடையது, அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். அவற்றுக்கு விடை கூறும் பதிவேடு எவரும் காணும்படி திறந்திருத்தல் வேண்டும்.