மூன்று போட்டிகளுக்கு நேரம் கேட்பதில்லை

வெட்டுப்புள்ளி எண்டால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டால் உள்ளே, அந்தப் பக்கம் நிண்டால் வெளியே. நீச்சலிலும் அப்படியொரு கோடு இருக்கு. அதுக்குத் ‘தகுதி நேரம்’ எண்டு பெயர். ஆனால் வயதுவந்தவர்களுக்கான ‘மாஸ்டர்ஸ்’ நீச்சலின் வரலாற்றை வாசிக்கேக்க, அந்தக் கோட்டை வேறு விதமாகவும் போடலாம் எண்டு எங்களுக்குப் பட்டது.

1970 மே மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள அமரில்லோ நகரில் முதலாவது தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. கடற்படை மருத்துவரான றான்சம் ஆர்தரும் பயிற்றுநர் ஜோன் ஸ்பனத்தும் அதுக்குப் பின்னால் நிண்டவர்கள். கலந்துகொண்டவர்கள் 46 பேர்தான். அந்தக் காலத்தில் கல்லூரி முடிஞ்சால் போட்டி நீச்சலும் முடிஞ்சமாதிரித்தான். போட்டி எண்டு ஒண்டு இருந்தால் வளர்ந்த ஆக்களும் உடம்பைப் பேணத் தண்ணிக்குள் இறங்குவினம் எண்டு ஆர்தர் நம்பினார்.

46 பேருக்குள் யாரையும் வெட்ட வேண்டியிருந்திருக்காது. ஆட்கள் பெருகினபோதுதான் சிக்கல் வந்தது. தடாகத்தில் இருப்பது எட்டோ பத்தோ ஒழுங்கைகள், பகலுக்கும் அளவுண்டு. இதுக்கு அமெரிக்க மாஸ்டர்ஸ் அமைப்பு கண்ட வழி எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தகுதி நேரம் ஐந்தைந்து வயதுப் பிரிவாக, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வகுக்கப்படுது. எழுபது வயதுக்காரரை முப்பது வயதுக்காரரோடு யாரும் ஒப்பிடுவதில்லை. அதோட, தேசியப் போட்டியில் மூன்று நிகழ்ச்சிகள் வரைக்கும் தகுதி நேரமே தேவையில்லை. நாலாவதுக்குப் போனால்தான் நேரத்தைக் காட்ட வேணும். அதாவது, நீ வரலாமா எண்டதை அந்தக் கோடு தீர்மானிப்பதில்லை. பொதுவான நேரத்தில் உனக்கு எவ்வளவு பங்கு எண்டதை மட்டுந்தான் தீர்மானிக்குது.

இப்படித் திறந்துவிட்டால் யார் வருவினம்? ஜப்பானின் மியெக்கோ நகஓக்கா நீந்தத் தொடங்கினதே எண்பதுகளில்தான். 2015 ஏப்ரலில், தனது 100ஆவது வயதில், மட்சுயாமாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் 1500 மீற்றரை 1 மணித்தியாலம் 15 நிமிடம் 54 செக்கனில் நீந்தி முடிச்சா. ஒலிம்பிக் வீரர்களுக்கு அதே தூரத்துக்கு ஏறத்தாழ 15 நிமிடம் போதும். எல்லாருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி எண்டால் அவவின் பெயர் எங்கேயும் பதிவாகியிருக்காது.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதே அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜக்சன் நகரசபைக்கு ஐந்து நீச்சல் தடாகங்கள் இருந்தன. பொது இடங்களில் இனப்பிரிப்புக் கூடாது எண்டு நீதிமன்றம் சொன்ன பிறகு, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே தண்ணியில் இறங்குவதைத் தடுக்க நகரசபை 1963இல் நாலு தடாகங்களை மூடியது. ஐந்தாவது குத்தகைக்கு எடுத்தது, அதையும் கைவிட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போச்சு. 1971 ஜூனில், 5க்கு 4 எண்ட கணக்கில், எல்லாருக்கும் சேர்த்து மூடினபடியால் மூடினது சட்டத்துக்கு விரோதமில்லை எண்டு தீர்ப்பு வந்தது.

அமரில்லோ போட்டி நடந்து அப்போது 13 மாதங்கள்தான். சின்ன வயதில் தடாகமே மூடப்பட்ட ஒரு பிள்ளைக்கு, வளர்ந்த பிறகு மூன்று நிகழ்ச்சிகள் இலவசமாகத் திறந்திருந்து என்ன பலன்? தகுதி நேரம் நியாயமானதா எண்டு கேட்கிறதுக்கு முதல், நீந்தப் பழக யாருக்கு இடம் கிடைச்சது எண்டு நாங்கள் கேட்க வேணும்.